ஒற்றைக் கோட்டை நம்பலாமா?

மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு சுழற்று, கரைசலில் ஒரு முக்கு, பட்டையில் சில சொட்டு. கால் மணி நேரத்தில் இரண்டு கோடு தெரிந்தால் இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ. ஒரே கோடு என்றால்? சிக்கலே அங்கேதான்.

2012-ல் இந்த விரைவுச் சோதனை பற்றிய 159 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே ஃப்ளூ இருந்த 100 பேரில் ஏறக்குறைய 62 பேரைத்தான் இந்தச் சோதனை பிடித்தது. பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் இன்னும் அதிகம் கோட்டை விட்டது. ஆனால் நோயில்லாதவருக்கு ‘உண்டு’ என்று தவறாகச் சொன்னது 100-க்கு 2 தான். ஆக, ‘உண்டு’ என்றால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்றால் அரைகுறைச் சேதி. இப்போது வரும் புதிய கருவிகள் கொஞ்சம் மேல்.

கார் நிக்கோபார் தீவில் இது சின்ன விஷயமில்லை. உறுதிசெய்யும் பி.சி.ஆர். சோதனைக்காகச் சளி மாதிரி ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) போக வேண்டுமென்றால், நடுவே சுமார் 270 கிலோமீட்டர் கடல். ஃப்ளூவுக்கான ஒசல்டாமிவிர் மாத்திரையோ அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ‘துஹேத்’ என்னும் கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்குப் பரவ எவ்வளவு நேரம்?

அதனால் கர்ப்பிணிகள், முதியோர், கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தால், ஒற்றைக் கோட்டைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இங்குள்ள பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.