வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை

(கறம்பக்குடியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்கள். மறுபாதி விவசாயக் கூலிகளும் மில் தொழிலாளிகளும். "வண்டி வைத்திருப்பவன் முதலாளி ஆயிற்றே, அவன் கஷ்டத்தை நம்மிடம் ஏன் பேசவேண்டும்?" என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருந்தால் முதலாளியா? அதே புத்தகத்தில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் ஏறியிருக்கிறதே! 2005-இல் டாடா ஏஸ் வந்தது. நாம் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்தோம். அதன்பின் எத்தனையோ கம்பெனி வண்டிகள் வந்துவிட்டன. வாங்கியவர் யார்? நேற்றுவரை கூலிக்கு லாரி ஓட்டியவர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்தபின் வேறு பிழைப்புத் தேடியவர். மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டியவர். வடகாட்டுப் பலாவும் கீரமங்கலத்துப் பூவும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் சந்தைக்குப் போகின்றன. வண்டி நடுவழியில் நின்றால் பூ வாடும். பூ வாடினால் பறித்த பெண்ணின் கூலியில் கை வைப்பார்கள். இப்போது சொல்லுங்கள், இது யாருடைய கஷ்டம்?

புத்தம் புது வண்டி ஏன் நிற்கிறது? 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. புகையைக் குறைக்கும் விதி. அதை நாம் எதிர்க்கவில்லை; நம் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் மூச்சிழுக்கிறார்கள். டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வைத்தார்கள். பிடித்த கரி அங்கேயே எரிந்து போகவேண்டும். அதற்கு வண்டி நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் ஒரே சீராக வேகமாக ஓடவேண்டும். நம் வண்டி என்ன செய்கிறது? தோப்புக்குள் ஊர்கிறது, களத்து மேட்டில் நிற்கிறது, பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது. கரி எரியாமல் அடைகிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அப்புறம் எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஷோரூமில் மாலை போட்டுச் சாவி கொடுத்த அன்று இதை யாராவது சொன்னார்களா? இப்போது மட்டும், "நீ ஓட்டுகிற விதம் சரியில்லை" என்கிறார்கள்!

பழைய வண்டியென்றால் நம் ஊர் மெக்கானிக் ஸ்பானரும் காதும் கொண்டே கோளாறைக் கண்டுபிடிப்பார். புது வண்டிக்குக் கம்ப்யூட்டர் கருவி வேண்டும். அது டீலரின் ஒர்க்‌ஷாப்பில் பூட்டிக் கிடக்கிறது. இது நம் கற்பனை அல்ல. உதிரி பாகங்களையும் இத்தகைய கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீலுக்குப் போயின.

வாரண்டி இருக்கிறதே என்பார்கள். வாரண்டி பாகத்துக்குத்தான். "பார்ட்ஸ் வரவில்லை, அடுத்த வாரம் வா" என்று அலையவிட்ட நாட்களுக்கு யார் கூலி தருவது? தவணைத் தேதி மட்டும் தவறாமல் வருகிறது. அந்தக் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், தோழர்களே. அது கடன்காரன் கையில் நாமே கொடுக்கிற சவுக்கு. அதே சமயம், அடியாட்களை ஏவி வண்டியைப் பறிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2007-இலேயே கண்டித்திருப்பதும் நினைவிருக்கட்டும்.

நம் வழக்கு டீலர் மீதும் கம்பெனி மீதும். "வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நீ நுகர்வோர் அல்ல" என்று வக்கீல் நோட்டீஸ் வரும். பயப்படவேண்டாம். 1995-இல் லட்சுமி இஞ்சினியரிங் என்ற தொழிற்சாலை கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தோடு வழக்காடித் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் ஒன்றைத் தெளிவாக்கியது: பிழைப்புக்காக வாங்கி, தானே ஓட்டுகிற ஆட்டோக்காரரும் லாரிக்காரரும் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிரு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. டிரைவர் போட்டு ஓட்டவிட்டு வீட்டில் இருப்பவருக்கு அது கிடையாது. கூலியா முதலாளியா என்று வாசலில் கேட்ட தோழருக்கு, கோர்ட்டே பதில் சொல்லிவிட்டது! 2019-ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்திலும் இந்த விலக்கு இருக்கிறது.

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, புதுக்கோட்டை நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். ஓட்டம் இழந்த நாட்களுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

காகிதம்தான் கட்டாயம். வாய்ச்சொல்லாகக் கோளாறைச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்து வராதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு கேளுங்கள். நீங்கள் சொன்ன கோளாறு, விட்ட தேதி, எடுத்த தேதி, கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கவேண்டும். தரமாட்டோம் என்றால் அங்கேயே நின்று போனில் எழுதி அனுப்புங்கள், அதுவும் சாட்சி. வண்டி நின்ற நாளில் கைவிட்டுப் போன வாடகையைச் சந்தைச் சீட்டோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கொண்டுவாருங்கள். மனு எழுத நம்முடைய பத்தாங்கிளாஸ் படிப்பே போதும்.