ஊரேடு எழுதுவோம்!

(ஆம்பூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல், கப்பலேறுமுன் தாளில் ஏறுகின்றது. எண்ணிக்கை எவ்வளவு, விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதெல்லாம் எழுதப்பெறுகின்றன. ஆட்டுத்தோலுக்குள்ள இந்த எழுத்துக்காவல், நம் முன்னோர் வார்த்த திருமேனிக்கும் நட்ட கல்லுக்கும் உண்டா?

சட்டம் இல்லாமலில்லை. 1972-இல் இயற்றப்பெற்று 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம், 100 ஆண்டு கடந்த படிமத்தையும், 75 ஆண்டு கடந்த சிறப்புடைய சுவடியையும் தனியார் எவரும் அயல்நாட்டுக்கு அனுப்புதல் குற்றம் என்கின்றது. ஆறு திங்களுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கின்றது.

ஆயினும் நடந்தது என்ன? அதே 1976-இல், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணினின்று வெளிப்பட்ட ஆடல்வல்லான், இலண்டனில் 1982-இல் இரண்டரை இலக்கம் பவுனுக்கு விலைபோனான். கோயிலின் பெயரால் வழக்காடினோம், கோயிலுக்கும் வழக்குரிமை உண்டென்று ஆங்கில முறைமன்றமே ஒப்பியது, 1991-இல் மீட்டோம்.

சிறீபுரந்தான் ஆடல்வல்லானை ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ ஐம்பது இலக்கம் அமெரிக்கத் தாலருக்கு வாங்கி, 2014-இல் திருப்பித் தந்தது. அம்மீட்சிக்குத் துணைநின்றது எது? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்துவைத்த ஒளிப்படம்! நம் கையில் இருந்திருக்க வேண்டிய சான்று அயலார் பேழையில் இருந்தது. நாம் நாணத் தக்கதன்றோ?

திருடன், பழந்திருமேனியைப் புதுக் கைவினைப் பொருளென்று பொய்த்தாள் எழுதி அனுப்புகின்றான். பொய்த்தாளை வெல்ல மெய்த்தாள் வேண்டும். அஃதில்லாத இடத்தில் சட்டம் கையற்று நிற்கும்.

தோழர்களே! ஆம்பூரும் செங்கமும் அடங்கிய இவ்வட்டாரம் நடுகற்களின் நிலம். ஆநிரை காக்க உயிரீந்த மறவோரின் பெயரைப் பல்லவர் கால எழுத்தில் தாங்கிய கற்கள் இங்குள்ளன. ஏட்டில் ஏறாத கல்லொன்று நாளை வரப்பினின்று மறைந்தால், இழந்தோம் என்றுரைக்கவும் நமக்குச் சான்றிராது.

ஆகவே ஊர்தோறும் ஓரேடு தொடங்குங்கள். கல், படிமம், சுவடி ஒவ்வொன்றின் அளவும் எழுத்தும் இருக்குமிடமும் குறியுங்கள். நாற்புறமும் ஒளிப்படம் எடுங்கள். ஒருபடி ஊரில் இருக்கட்டும். ஒருபடியை வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் சேர்ப்பியுங்கள். வரும் விடுமுறையில் அளவுகோலும் ஏடுமாக என் மாணவருடன் நானும் வருவேன்.

தோலுக்குக் கணக்கு வைத்த கை, தொன்மைக்கும் கணக்கு வைக்கட்டும்!

வாழ்க தமிழ்!