ஸ்பானிய வீராங்கனை ஜென்னி எர்மோசோ

ஒருவர் இருபது ஆண்டுகள் அரும்பாடுபட்டுப் பயின்ற கலையை உலகம் மறந்துவிட்டு, அவருக்கு ஒரு நொடிப் பொழுதில் நேர்ந்த அவமதிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது உண்டு. ஸ்பெயின் தேசத்துக் காற்பந்து வீராங்கனை ஜென்னி எர்மோசோவின் நிலை அத்தகையது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி சிட்னி நகரில் உலகக் கோப்பையை வென்ற ஸ்பானிய மாதர் அணியில் அவர் ஒருவர். அன்று பதக்கம் வழங்கிய மேடையில் நடந்ததைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. அந்த மேடையை அடையும் வரை அவர் எப்படி ஆடினார் என்பதை எழுதியவர் சிலரே. ஆகவே இன்றைய பேச்சில் முதலில் அவருடைய ஆட்டத்தையும், பின்னர் அந்த மேடையையும், இரண்டுக்கும் உள்ள தொடர்பையும் எடுத்துக் கூற விரும்புகிறேன்.

பெயரை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்பானிய மொழியில் சொல்லின் முதலில் எழுதப்படும் ஹகரம் ஒலிப்பதில்லை. ஆகையால், ஆங்கில எழுத்தைப் பார்த்து ஹெர்மோசோ என்று படிப்பதைக் காட்டிலும் எர்மோசோ என்பதே பொருத்தம். ஜெனிஃபர் எர்மோசோ 1990ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி மாட்ரிட் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அந்நகரத்து அத்லெட்டிகோ சங்கத்தில் கோல் காப்பாளராக இருந்தவர். பேத்தியோ கோலைக் காப்பதை விடுத்துக் கோல் போடுவதைத் தொழிலாகக் கொண்டார்.

அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதே மாட்ரிட்டில் ஒரு சிறுமி இருந்தாள். கொஞ்சி சாஞ்செஸ் என்பது அவள் பெயர். ஆடவர் அணியின் புகழ்பெற்ற முன்னணி ஆட்டக்காரரான அமான்சியோவின் பெயரையே ரசிகர்கள் அவளுக்குச் சூட்டினர். 1970 டிசம்பரில், பதின்மூன்று வயதில், வில்லாவெர்டே பகுதியில் நடந்த ஆட்டமொன்றில் அவள் ஐந்து கோல் போட்டாள். ஆனால் மாதர் காற்பந்தை ஸ்பெயின் தேசத்துக் காற்பந்துக் கூட்டமைப்பு அன்று ஏற்கவில்லை. 1971 பிப்ரவரியில் மூர்சியா நகரில் ஸ்பானியப் பெண்கள் போர்ச்சுகல் பெண்களோடு ஆடினார்கள். ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் முடிந்தது. தேசத்தின் இலச்சினையைச் சட்டையில் அணிய அவர்களுக்கு அனுமதி இல்லை. நடுவரும் தம் உத்தியோக உடையை அணியக்கூடாது. இத்தகைய நாட்டில் தனக்கு எதிர்காலம் இல்லையென்று கண்ட கொஞ்சி, இத்தாலிக்குச் சென்று அங்கே நெடுங்காலம் ஆடிப் புகழ் பெற்றாள்.

அது ஃபிராங்கோவின் ஆட்சிக்காலம் என்பதை நாம் மறத்தலாகாது. மணமான பெண் வேலைக்குச் செல்லவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும் கணவனுடைய சம்மதம் வேண்டும் என்பது அன்றைய சட்டம். 1975ஆம் ஆண்டில்தான் அது நீங்கியது. கூட்டமைப்பு மாதர் காற்பந்தை ஏற்றுக்கொண்டது 1980இல். தேசிய மாதர் அணி முதன்முறையாக உத்தியோக பூர்வமான ஆட்டம் ஆடியது 1983இல். சம்மதம் என்ற சொல்லை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இந்த வரலாற்றின் முடிவில் அது மீண்டும் வரும்.

எர்மோசோ அத்லெட்டிகோ சங்கத்தின் பெண்கள் பிரிவில் ஆட்டம் பயின்று, 2010இல் ராயோ வல்லெகானோ சங்கத்துக்குச் சென்றார். மறு ஆண்டே அச்சங்கம் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. பின்னர் ஸ்வீடனில் சிறிது காலம், 2014 முதல் பார்ஸிலோனா, அதன்பின் பாரிஸ், மீண்டும் அத்லெட்டிகோ, மீண்டும் பார்ஸிலோனா, 2022 முதல் மெக்ஸிகோ என்று அவர் பயணம் நீண்டது. இத்தனை ஊர் மாறுவானேன் என்று கேட்கலாம். ஸ்பெயினில் மாதர் போட்டியைத் தொழில்முறைப் போட்டியாக அரசு அறிவித்ததே 2021ஆம் ஆண்டில்தான். அதாவது, அவர் தம் ஆட்ட வாழ்வின் பெரும்பகுதியைத் தொழில் என்று சட்டம் ஏற்காத ஒரு தொழிலிலே கழித்தார்.

அவருடைய ஆட்டத்தின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். முன்னணி ஆட்டக்காரர் என்றால் எதிரணியின் கோல் வாயில் அருகே காத்து நின்று, வரும் பந்தை உள்ளே தள்ளுபவர் என்று நாம் எண்ணுகிறோம். எர்மோசோ அவ்வாறு நிற்பவர் அல்லர். அவர் பின்வாங்கி நடுக்களத்துக்கு வருவார். அவரைத் தொடர்ந்தால் எதிரணித் தற்காப்பாளரின் இடம் வெறுமையாகும். தொடராவிட்டால் அவர் தடையின்றிப் பந்தை வாங்கித் திரும்பி, ஓடிவரும் தோழிக்கு அனுப்பிவிடுவார். இவ்வாறு எதிரியை இரண்டு தீமைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்வது ஓட்டத்தின் வேகத்தால் அன்று, கண்ணாலும் அறிவாலும் கைகூடுவது. பிறருக்கு வழி செய்து கொடுப்பவர் தாமும் கோல் போடுவதில் பின்தங்கவில்லை. ஸ்பானியப் போட்டியில் ஒரு பருவத்தில் மிகுதியான கோல் போட்டவர் என்ற சிறப்பை அவர் ஐந்து முறை பெற்றார். அவற்றுள் 2016-17ஆம் ஆண்டுப் பருவத்தில் போட்டவை 35. 2021 மே மாதத்தில் கோதன்பர்க் நகரில் பார்ஸிலோனா இங்கிலாந்தின் செல்சி அணியை நான்கு கோல்களால் வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியபோது, அவ்வணியில் எர்மோசோ இருந்தார். உலகின் சிறந்த வீராங்கனைக்குரிய பொற்பந்து விருதுக்கான அவ்வாண்டு வாக்கெடுப்பில் அவருக்கு இரண்டாம் இடம். முதலிடம் அவருடைய அணித் தோழி அலெக்ஸியா புடெல்யாஸுக்கு.

தேசிய அணிக்கு அவர் 2012இல் வந்தார். ஸ்பானியப் பெண்கள் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது 2015இல், கனடாவில். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய அவர்கள், இருபத்தேழு ஆண்டுகளாக ஒரே பயிற்சியாளரின் கீழ் இருந்த நிலை மாறவேண்டும் என்று ஒன்றுகூடி அறிக்கை விட்டார்கள். அவரும் விலகினார். 2019இல் பிரான்ஸில் நடந்த போட்டியில், அந்த ஆண்டில் வாகை சூடிய அமெரிக்க அணிக்கு எதிராக எர்மோசோ ஒரு கோல் போட்டார். அமெரிக்காவின் இரண்டு கோல்களும் தண்ட உதைகளால் வந்தவை, ஸ்பெயின் தோற்றது. எனினும் இந்தப் பெண்களை வெல்வது இனி எளிதன்று என்பதை உலகம் அறிந்துகொண்டது. அடுத்த தலைமுறையும் பின்தொடர்ந்தது. 2022 அக்டோபரில் நம் நாட்டின் நவி மும்பையில் நடந்த, பதினேழு வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கொலம்பியாவை வென்றவர்கள் ஸ்பானியச் சிறுமிகளே.

இனி 2023ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் நடத்திய அந்தப் போட்டியில் எர்மோசோ மூன்று கோல் போட்டார். ஸாம்பியாவுக்கு எதிரான ஆட்டம் தேசத்துக்காக அவர் ஆடிய நூறாவது ஆட்டம். ஜப்பானிடம் நான்கு கோல்களால் தோற்ற பின்னும் அணி தளரவில்லை. சிட்னியில் 75,784 பேர் கூடியிருந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஓல்கா கார்மோனா போட்ட ஒரே கோல் வெற்றியைத் தந்தது. இரண்டாம் பாதியில் ஸ்பெயினுக்குக் கிடைத்த தண்ட உதையை எடுத்தவர் எர்மோசோ. இங்கிலாந்தின் கோல் காப்பாளர் மேரி ஏர்ப்ஸ் அதைத் தடுத்துவிட்டார். ஆயினும் ஆட்டம் முடிந்தபோது அவர் உலகின் வெற்றியாளருள் ஒருவர்.

பதக்கம் வாங்க மேடையேறியபோது கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ் அவருடைய தலையை இரு கைகளாலும் பற்றி உதட்டில் முத்தமிட்டார். உலகம் முழுவதும் அதைக் கண்டது. பின்னர் கூட்டமைப்பு எர்மோசோ கூறியதாக, நடந்ததைப் பெரிதாக எண்ணாத முறையில், ஓர் அறிக்கையை வெளியிட்டது. அச்சொற்கள் தம்முடையவை அல்ல என்று அவர் பின்னர் நீதிமன்றத்தில் உரைத்தார். தலைவரோ எர்மோசோவின் சம்மதம் இருந்தது என்றார். ராஜினாமாச் செய்யமாட்டேன் என்று ஒரே கூட்டத்தில் பலமுறை முழங்கினார். தாம் ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்று எர்மோசோ அன்றே பதில் அளித்தார். உலகக் கோப்பை வென்ற 23 பேர் உட்பட 81 வீராங்கனைகள், தலைமை மாறும் வரை தேசத்துக்காக ஆடமாட்டோம் என்று கையொப்பமிட்டனர். புடெல்யாஸ் எழுதிய இரண்டு சிறிய ஸ்பானியச் சொற்கள் ஊரெங்கும் முழக்கமாயின. செ அகபோ என்பன அவை. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அவற்றுக்கு நேரான தமிழை எண்ணிப் பார்த்தேன். "முடிந்தது" என்பது நேர்ப்பொருள். "இனிப் பொறுப்பதில்லை" என்பதே அவற்றின் உள்ளக்கருத்து.

செப்டம்பர் 10ஆம் தேதி ரூபியாலெஸ் பதவி விலகினார். சர்வதேசக் காற்பந்துச் சங்கம் அவரை மூன்றாண்டுக்கு விலக்கி வைத்தது. எர்மோசோ தேசிய அணிக்குத் திரும்பிய முதல் ஆட்டம் 2023 அக்டோபர் 27ஆம் தேதி இத்தாலியின் சலேர்னோ நகரில் நடந்தது. கோல் ஏதுமின்றி ஆட்டம் முடியும் தறுவாயில், 89ஆவது நிமிடத்தில், ஒரே ஒரு கோல் விழுந்தது. அதைப் போட்டவர் எர்மோசோ.

வழக்கு 2025 பிப்ரவரியில் விசாரிக்கப்பட்டது. வெற்றிக் களிப்பில் பேருந்தில் அவர் தோழியரோடு சிரித்துப் பேசியதை எதிர்த்தரப்பினர் எடுத்துக்காட்டினர். பிற்பாடு அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பது அவருடைய சாட்சியத்தின் மதிப்பைக் குறைக்காது என்று நீதிபதி கருதினார். ரூபியாலெஸ் பாலியல் தாக்குதல் குற்றம் புரிந்தவர் என்று தீர்ப்பளித்து 10,800 யூரோ அபராதம் விதித்தார். வற்புறுத்தல் என்ற மற்றொரு குற்றச்சாட்டிலிருந்து அவரையும் ஏனைய மூவரையும் விடுவித்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேல் முறையீட்டிலும் இத்தீர்ப்பு உறுதியாயிற்று. அபராதம் சிறிது என்று குறைகூறியவர்களும் உண்டு. ஆனால் இவ்வழக்கின் பயன் அபராதத்தின் தொகையில் இல்லை.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னே தலைகுனிந்து நின்ற எத்தனையோ பெண்களின் மௌனத்தைப் பெரியவர்கள் சம்மதமாகக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றி எழுதியது. ஒருவர் தம் சம்மதத்தைத் தெளிவாகப் புலப்படுத்தினால்தான் அது சம்மதம். மௌனமோ எதிர்ப்பின்மையோ சம்மதமாகாது. கணவனுடைய சம்மதம் இன்றிப் பெண் வேலைக்குப் போகலாகாது என்றிருந்த நாட்டில், அவளுடைய சம்மதத்தைக் கேட்காமல் அவளைத் தீண்டலாகாது என்று நீதிமன்றம் உரைக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

2023 செப்டம்பரில் கூட்டமைப்பு மற்றொன்றும் செய்தது. மாதர் அணியின் பெயரிலிருந்து "மாதர்" என்ற அடைமொழியை நீக்கியது. இப்போது ஆடவர் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே பெயர்: ஸ்பானியத் தேசியக் காற்பந்து அணி. இலச்சினையை அணிய 1971இல் அனுமதி மறுக்கப்பட்ட பெண்களுக்கு அதன்பின் கிடைத்தவற்றுள் இது சிறியதன்று.

எர்மோசோ ஸ்பானியப் பெண்கள் அணிக்காக ஐம்பதுக்கு மேற்பட்ட கோல்கள் போட்டிருக்கிறார். அவ்வணியின் வரலாற்றில் அவரைக் காட்டிலும் மிகுதியாகப் போட்டவர் இல்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அழைக்கப்படாதிருந்த அவரை, 2025 அக்டோபரில், முப்பத்தைந்தாம் வயதில், தேசிய அணி மீண்டும் அழைத்தது. நேயர்கள் அவரை நினைவுகூரும்போது சிட்னி மேடையை மட்டும் நினையாமல், சலேர்னோவில் 89ஆவது நிமிடத்தில் விழுந்த அந்தக் கோலையும் சேர்த்து நினைக்க வேண்டுகிறேன். மேடையில் நடந்தது பிறர் அவருக்குச் செய்தது. அந்தக் கோல் அவர் தாமே செய்தது.