மரமறுக்கும் இயந்திரமும் பெட்ரோல் குழாயும்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் பாதையில் சாய்ந்த மரத்தை உடனே அகற்றினாலன்றிப் பிரசவத்திற்குச் செல்லும் தாய்க்கு வழியில்லை. அதற்காகவும், ஏரிகளில் மண்டிய சீமைக் கருவேலத்தை ஒழிக்கவும் செயின் சா என்னும் மரமறுக்கும் இயந்திரம் பயன்படுகிறது. வேண்டும் வேளையில் அது கிளம்பாமைக்குப் பல சமயங்களில் ஒரு சிறு ரப்பர் குழாயே காரணம்.

எண்ணெய்ப் பதம் வற்றிய தோல் வெடிக்கும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் குழாயும் நாளடைவில் இறுகி வெடிக்கிறது. இப்பொழுது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருவதால், பழைய வகைக் குழாய்கள் விரைவில் கெடுகின்றன. வெடிப்பின் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் குறையும். எண்ணெயும் பெட்ரோலுடனேயே செல்வதால் அதுவும் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கசியும் பெட்ரோல் சூடான சைலன்சர் மீது பட்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

பெட்ரோல் வாடை, கசிவு, கிளம்பியதும் நின்றுபோதல் ஆகியவை இதன் அறிகுறிகளாம். இவற்றைக் கண்டால் இயந்திரத்தை ஆறவிட்டு, பீடியும் அடுப்பும் இல்லாத திறந்த வெளியில் வைத்து, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றுக. டாங்கியிலுள்ள பெட்ரோலை ஒரு கலத்தில் வடித்துக்கொள்க. மண்ணிலோ ஓடையிலோ கொட்டற்க. பாலாற்றுப் படுகையின் நீர் தோல் கழிவால் கெட்டதுபற்றி 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. அக்கேட்டை நாமும் பெருக்கலாகாது.

பிறகு வளைந்த கம்பியால் டாங்கியிலிருந்து பில்டரை வெளியே இழுத்துக் கழற்றுக. குழாய் செல்லும் வழியைக் கவனித்துக்கொண்டு, கார்புரேட்டர் முனையை விடுவித்துப் பழையதை உருவுக. புதியது உள்ளளவிலும் வெளியளவிலும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். வெளியளவு குறைந்தால் டாங்கியின் துளையில் கசியும். முனையைச் சாய்வாக வெட்டி, சிறிது எண்ணெய் தடவித் துளையில் நுழைத்து இழுத்து, பின்னர் நேராக வெட்டிப் புதிய பில்டரைப் பொருத்துக. பில்டர் டாங்கியின் அடியைத் தொடவேண்டும். குழாய் எங்கும் மடங்கலாகாது. பெட்ரோல் ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, கசிவில்லை என்று கண்ட பின்னரே இயந்திரத்தைக் கிளப்புக.

சிக்கனம் கருதிச் சிலர் ஆஸ்பத்திரிச் சலைன் குழாயை மாட்டுகின்றனர். அது பெட்ரோலைத் தாங்காது. எண்ணெய்க் கலவையும், தயாரிப்பாளர் 50:1 என்று கூறியிருந்தால், லிட்டருக்கு 20 மில்லி லிட்டராகவே இருக்கட்டும். நெடுநாள் ஓட்டாதபோது டாங்கியைக் காலியாக வைத்திருங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்பே குழாயைச் சோதித்து, மாற்றுக் குழாயும் பில்டரும் ஒவ்வொன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருக்கத் தீர்மானம் செய்யுங்கள். செலவு சொற்பம், காக்கப்படுவதோ உயிர்.