பல்கலைக்கழகத்துப் பிள்ளையும் பெற்றோர் கடமையும்

(தோட்டப் பொது மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரை)



சென்ற முறை நான் இங்கு வந்திருந்தபோது ஒரு தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கின்றாள். ஏதோ தியான வகுப்புக்குப் போகின்றாளாம். எங்கே, யார் நடத்துகின்றார்கள் என்று கேட்டால், 'உங்களுக்குச் சொன்னாலும் புரியாதம்மா' என்கின்றாள். அவ்வளவு படித்த பிள்ளையிடம் நான் இனி என்னத்தைக் கேட்பது?" என்றார். அவருக்கு அன்று முழுமையான விடை கூற நேரமில்லை. அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகின்றேன். இறைவழிபாட்டையோ தியானத்தையோ குறை கூற நான் வரவில்லை. சமய நம்பிக்கை மனிதனை நெறிப்படுத்தும். புதிதாகத் தோன்றிய சமய இயக்கங்கள் யாவும் தீயவை என்பதும் உண்மையாகாது. ஆனால், சமயத்தின் பெயரால் ஒருவருடைய பணத்தையும் உறக்கத்தையும் உறவையும் சிந்தனையையும் பறித்துக்கொள்ளும் குழுக்களும் உலகில் உண்டு. அவை மாணவர்களை எவ்வாறு ஈர்த்தன என்பதற்கு ஜப்பான் நாட்டில் நிகழ்ந்த ஒரு கொடுமையே போதிய சான்றாகும்.

ஷோக்கோ அசஹாரா என்பவர் 1984ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் ஒரு சிறிய யோகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அதுவே 1987இல் 'ஓம் சின்ரிக்கியோ' என்னும் பெயருடைய சமய இயக்கமாயிற்று. 1989இல் அரசாங்கப் பதிவும் பெற்றது. 1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லும் மக்கள் நிறைந்திருந்த ஐந்து சுரங்க இரயில்களில், அவ்வியக்கத்தினர் சரின் என்னும் நச்சுத் திரவப் பைகளைக் குத்திக் கிழித்தனர். அதனால் 14 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் 25 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்து, 2020இல் உயிர் நீத்தார். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 6,000 பேர்.

இதனைச் செய்தவர்கள் யார்? படிப்பறிவு அற்றவர்களா? இல்லை. இக்குவோ ஹயாஷி, கேயோ பல்கலைக்கழகத்தில் பயின்ற இருதய அறுவை மருத்துவர். தோரு டொயோடா, தோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்றவர். கெனிச்சி ஹிரோசே, வசேடா பல்கலைக்கழகத்தில் பயன்முறை இயற்பியல் கற்றவர். நஞ்சைத் தயாரித்த மசாமி சுச்சியா, சுக்குபா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றவர். ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை நட்சத்திரமாக விளங்கியவர்.

இத்தகைய அறிவாளிகள் எப்படி விழுந்தார்கள்? ஹிரோசே தம் அனுபவத்தைச் சிறையிலிருந்து மாணவர்களுக்கு எழுதியிருக்கின்றார். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஒரு மின்சாதனக் கடையில் சில பொருள்கள் விலை குறைக்கப்பட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டாராம். புதிதாக வந்த பொருள் இப்படி மதிப்பிழந்து போகுமானால் வாழ்க்கைக்குப் பொருள்தான் என்ன என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. இக்கேள்விக்கு விடை தேடிய இளைஞரின் கையில் 1988இல் அசஹாராவின் நூல் கிடைத்தது. அதனைப் படித்த சில நாள்களில் தம் உடலில் விந்தையான ஓர் உணர்வு தோன்றியதாகவும், அதையே நூலின் உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதாகவும் அவர் கூறியுள்ளார். கேள்வி நல்ல கேள்விதான். விடை கூற வந்தவர்தான் தவறானவர்.

அவ்வியக்கத்தின் வழிமுறையை உற்று நோக்குங்கள். முதலில் அழைப்பு எளிமையாக இருந்தது. யோகப் பயிற்சி, உடல்நலம், நூல்கள், சொற்பொழிவுகள் என்று தொடங்கியது. பின்னர் கட்டணப் பயிற்சிகள் வந்தன. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே பணம் கேட்கப்பட்டது. அதன் பின்னர், வீட்டைத் துறந்து இயக்கத்தின் இருப்பிடத்திற்கே வந்துவிடுமாறு வற்புறுத்தினார்கள். வந்தவர்கள் தம் உடைமை அனைத்தையும் இயக்கத்திற்குக் கொடுத்தனர். பெற்றோர் தொடர்பை அறுத்தனர். உள்ளே உணவு குறைவு, உறக்கமும் குறைவு. குருவின் உரைகளை மீண்டும் மீண்டும் கேட்கவேண்டும். பிற்காலத்தில் போதை மருந்துகளும் கொடுக்கப்பட்டன. ஐயம் தோன்றினால், அது உன் மனத்தின் அழுக்கு என்றார்கள். ஆகவே, கேள்வி கேட்க வேண்டிய அறிவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. இறுதியில், குருவின் ஆணைப்படி ஒருவரைக் கொல்வதும் அவருக்குச் செய்யும் நன்மையே என்ற போதனையைக்கூட அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

பால்மரம் வெட்டும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். எவரும் ஒரே நாளில் மரத்தின் பட்டை முழுவதையும் உரித்துவிடுவதில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மெல்லிய சீவல்தான் விழுகின்றது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஒரு பக்கத்துப் பட்டை முழுவதும் போயிருக்கின்றது. மரத்திற்காவது பட்டை மீண்டும் வளரும். மனிதனுக்கு இழந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

இங்கு நான் வலியுறுத்த விரும்பும் செய்தி ஒன்று உண்டு. இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களுள் பெற்றோர்களே முன்னணியில் நின்றனர். "என் பிள்ளையைப் பார்க்க விடுகின்றார்கள் இல்லை" என்று 1989ஆம் ஆண்டிலேயே அவர்கள் முறையிட்டார்கள். யோக்கோஹாமா நகரின் இளம் வழக்கறிஞர் சுட்சுமி சகமோட்டோ அவர்களுக்காக வாதாட முன்வந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவரும் அவருடைய மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் இயக்கத்தினரால் கொல்லப்பட்டனர். உடல்கள் கண்டெடுக்கப்பட்டது 1995 செப்டம்பரில்தான். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அக்குடும்பம் 'காணாமற்போன' குடும்பமாகவே இருந்தது. பெற்றோரின் குரலுக்கு அன்றே உலகம் செவிசாய்த்திருந்தால், பின்னர் இழந்த உயிர்கள் எத்தனையோ காப்பாற்றப்பட்டிருக்கலாம் அல்லவா? அசஹாராவும் ஹிரோசேயும் உள்ளிட்ட 13 பேர் 2018 ஜூலை மாதத்தில் தூக்கிலிடப்பட்டனர். அப்பிள்ளைகளைப் பெற்றவர்களின் துயரத்தை எண்ணிப் பாருங்கள்.

இதனைக் கேட்டு, பிள்ளையை யாரோ மந்திரம் போட்டு மயக்கிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டா. எய்லீன் பார்க்கர் என்னும் சமூகவியல் அறிஞர், கொரியாவில் சன் மியுங் மூன் 1954இல் தோற்றுவித்த யூனிஃபிகேஷன் சர்ச் என்னும் இயக்கத்தை இங்கிலாந்தில் ஆராய்ந்தார். 1979இல் லண்டன் வட்டாரத்தில் அவ்வியக்கத்தின் பயிற்சி முகாமுக்குச் சென்ற ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்களுள், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இயக்கத்தில் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகிவிட்டனர். ஆகவே, எதிர்த்து நிற்கவும் முடியும்; திரும்பி வரவும் முடியும். திரும்பி வருகின்றவனுக்கு வர ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் வீடு.

இனி, நாம் செய்ய வேண்டியது என்ன? தோட்டத்திலிருந்து முதன்முறையாக நகரத்திற்குச் செல்லும் பிள்ளைக்கு அங்கே உறவினர் இல்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்த வாரத்திலோ, தனிமை வாட்டும் இரவிலோ, "வா தம்பி, சாப்பிட்டாயா?" என்று அன்புடன் கேட்பவரை அவன் நம்பிவிடுவான். ஆகவே, அந்தக் கேள்வியை முதலில் நாமே கேட்டுவிடுவோம். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுங்கள். தேர்வு முடிவை மட்டும் விசாரிக்காமல், நண்பர்களைப் பற்றியும் கேளுங்கள்.

பிள்ளை ஏதேனும் ஒரு குழுவில் சேர்ந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். அக்குழுவின் முழுப் பெயர் என்ன? தலைவர் யார்? இதுவரை எவ்வளவு பணம் கொடுத்தாய்? வீட்டில் சொல்லக்கூடாது என்று கூறினார்களா? விலகிச் சென்றவர்களைப் பற்றி என்ன சொல்கின்றார்கள்? நல்ல அமைப்பு இவற்றிற்கு ஒளிவுமறைவின்றி விடை கூறும். பெயரை மறைத்து அழைப்பது இன்றும் நின்றுவிடவில்லை. ஓம் இயக்கம் 2000ஆம் ஆண்டில் 'அலெஃப்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அது தன் பெயரைச் சொல்லாமலே யோக வகுப்புகளின் வழியாக இளைஞர்களை ஈர்க்கின்றது என ஜப்பானிய அரசாங்கம் எச்சரித்து வருகின்றது.

பிள்ளை ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். அவனுடைய குருவை இழித்துப் பேசாதீர்கள். "இனி வீட்டுப் படி ஏறாதே" என்று ஒருபோதும் கூறாதீர்கள். அந்த ஒரு சொல், குழுவினர் அவனிடம் செய்ய விரும்பும் வேலையை நாமே செய்து கொடுப்பதாகும். பணம் கேட்டால் காரணம் கேளுங்கள். பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவையோ விரிவுரையாளரையோ நாடுங்கள். மிரட்டலோ அடைத்துவைத்தலோ இருந்தால் தயங்காமல் போலீசில் புகார் செய்யுங்கள்.

அன்று கேள்வி கேட்ட தாயார் இன்றும் இங்கு அமர்ந்திருக்கின்றார். அம்மா, உங்கள் மகள் செல்லும் வகுப்பு நல்ல வகுப்பாகவே இருக்கலாம். ஆயினும் கேளுங்கள். எங்கே, யாரிடம், எவ்வளவு பணம் என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. அவள் சலித்துக்கொண்டாலும் அடுத்த வாரமும் கேளுங்கள். விடுமுறைக்கு வந்தால், அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, அருகில் அமர்ந்து கேளுங்கள்.