கோலாலம்பூரில் கேட்ட ஒரு கேள்வி

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் பொருளாளர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது ஐந்து நிமிடம். வங்கி கவுன்ட்டரில் 34 வருடம் உட்கார்ந்தவன். நேரத்துக்கு மூடிவிடுவேன், பயப்படாதீர்கள்.

என் தங்கை மகள் எங்கள் வீட்டில் தங்கி நகரமைப்பு படித்தது உங்களில் பலருக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த உலக நகர்ப்புற மன்றத்தின் ஒன்பதாவது மாநாட்டுக்கு அவள் போய் வந்தாள். ஐ.நா.வின் குடியிருப்புத் திட்ட அமைப்பு நடத்துவது அது. முதல் மாநாடு 2002-இல் நைரோபியில் நடந்தது. அமைச்சரும் வரலாம், மாணவரும் வரலாம், பதிவுக் கட்டணம் இல்லை. விமான டிக்கெட்டுக்கு மட்டும் நான் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டை முறித்தேன்.

2016-இல் எக்குவடோர் நாட்டின் கீட்டோ நகரில் உலக நாடுகள் 'புதிய நகர்ப்புறச் செயல்திட்டம்' ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதை எப்படி நிறைவேற்றுவது என்பதே கோலாலம்பூரில் பேச்சு. 'அனைவருக்குமான நகரங்கள்' என்பது முழக்கம்.

அந்த ஊரில் அவள் வியந்தது ஒரு சுரங்கத்தைப் பார்த்துத்தான். 9.7 கிலோமீட்டர் நீளம். 2007-இல் திறந்தார்கள். அதன் நடுவே சுமார் 4 கிலோமீட்டருக்குக் கார்கள் ஓடுகின்றன. பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு, அதே பாதையில் வெள்ளத்தை விடுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி கார்.

மாநாட்டில் இளைஞர்களுக்கான ஒரு சிறு கலந்துரையாடலில் இவளும் பேசினாள். நடைபாதை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், பொதுக் கழிப்பறை என்று நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். கைதட்டினார்களாம். பிறகு நைரோபியிலிருந்து வந்த ஒரு பெண்மணி எழுந்து கேட்டாராம்: "உங்கள் வீட்டில் வேலை செய்பவர் எங்கிருந்து வருகிறார்? உங்கள் கட்டடத்தில் நீங்கள் போகும் வழியில்தான் அவரும் போகிறாரா?"

இவளுக்குப் பதில் வரவில்லை. ஊர் திரும்பிய அன்று ராத்திரி என்னிடம், "மாமா, அந்தப் போர்டுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்று கேட்டாள்.

நான்தான். 'வீட்டுப் பணியாளர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது' என்ற அறிவிப்பில் பொருளாளர் என்று என் கையெழுத்து இருக்கிறது. அப்போது லிஃப்ட் ரிப்பேருக்குப் பெரிய பில் வந்திருந்தது. செலவு குறையும் என்று சொன்னார்கள், நானும் போட்டுவிட்டேன்.

மறுநாள் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தேன். அறிவிப்புக்கு முந்திய ஆறு மாத மின்கட்டணத்தையும் பிந்திய ஆறு மாத மின்கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்த ரிப்பேர் பில்லின் பின்புறம் மெக்கானிக் எழுதியிருந்த காரணமும் கண்ணில் பட்டது. வீடு மாறியவர்கள் பீரோ ஏற்றியதில் கதவு வளைந்திருக்கிறது. வேலை செய்பவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் வீட்டில் 11 வருடமாக வேலை செய்யும் அம்மாவிடம், எப்படி வருகிறீர்கள் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். விடிவதற்கு முன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வருகிறார். பிறகு நாலு மாடி. ஒரு காலை நானும் அவரோடு படியேறினேன். 72 படி. மூன்றாவது மாடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் நின்று, "முட்டி வலிக்குதா சார்?" என்று கேட்டார். தன் முட்டியைப் பற்றி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கோலாலம்பூரில் ஒரே சுரங்கத்தில் காரும் போகிறது, வெள்ளமும் போகிறது. நம்மிடம் ஒரே லிஃப்ட்டில் இரண்டு மனிதர்கள் போக முடியவில்லை. லிஃப்ட்டுக்கு எடைதான் தெரியும், ஆள் யார் என்று தெரியாது.

பாதுகாப்பைப் பற்றிச் சிலர் கவலைப்படுவது எனக்குத் தெரியும். வாசலில் பதிவேடு இருக்கிறது, கேமரா இருக்கிறது. வீட்டுச் சாவியையே நம்பிக் கொடுத்துவிட்டு லிஃப்ட்டை மட்டும் மறுப்பது எந்தக் கணக்கு?

ஆகவே அந்த அறிவிப்பை நீக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.