மதிப்பெண் பதிவேடு யாருக்காக?



நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு நான்காம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். பாடங்கள் ஐந்து. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பருவத்தில், இடையிடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டில் இரண்டு, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டில் ஒன்று என்று குறைந்தது மூன்று மதிப்பெண்கள். கணக்குப் போட்டால் ஒரு பருவத்துக்கு 600 எண்கள், மூன்று பருவம் கொண்ட ஓர் ஆண்டுக்கு 1,800. இவற்றைக் குறிக்க வேண்டும், கூட்ட வேண்டும், தரநிலை போட வேண்டும், பெற்றோருக்கு அனுப்பும் அட்டையிலும் ஏற்ற வேண்டும். தினசரி வருகைப் பதிவு தனி. தொடக்கப் பள்ளியில் இத்தனையும் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியரின் வேலை.

தமிழ்நாட்டில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை 2012-13 கல்வியாண்டில் தொடங்கியது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. ஒரு நாள் தேர்வை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த முறை இது. ஆனால் எழுத்து வேலையும் கூடவே வளர்ந்தது. பதிவேடு எழுதுவதிலேயே பல ஆசிரியர்களின் சனி, ஞாயிறு கழிந்தது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் இணைய மதிப்பெண் பதிவேடுகள் உதவ வேண்டும். ஆஸ்திரேலியாவில் உருவாகி 2002-இல் வெளிவந்த மூடுல் என்ற இலவச மென்பொருளிலும், 2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமிலும் வீட்டுப்பாடம் கொடுக்கலாம், திருத்தலாம், மதிப்பெண்களை ஒரே இடத்தில் சேர்க்கலாம். நம் மாநிலத்தில் எமிஸ் என்று எல்லோரும் சொல்லும் கல்வித் தகவல் மேலாண்மை முறை இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் தனி எண் உண்டு. வருகைப் பதிவும் மதிப்பீடும் செல்பேசிச் செயலி வழியாக அதில் ஏறுகின்றன. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அந்த மதிப்பீடும் செயலியில்தான் பதிவாகிறது.

கூட்டலையும் சராசரியையும் கணினி நொடியில் முடித்துவிடும். அதன் பெரிய பயன் அதற்குப் பிறகு இருக்கிறது. மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். வகுத்தல் கணக்கில் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தவறியிருந்தால், அந்தப் பாடத்தை இன்னொரு முறை, வேறு விதமாக நடத்த வேண்டும் என்று பொருள். இடமிருந்து வலமாகப் பாருங்கள். ஜூலை வரை நன்றாகப் படித்த ஒரு பிள்ளை ஆகஸ்டிலிருந்து எல்லாப் பாடத்திலும் சரிந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டில் ஏதோ நடந்திருக்கலாம். திங்கட்கிழமைதோறும் ஒரு பிள்ளை வராமல் இருந்தால், அதுவும் ஒரு செய்தி. ஆசிரியர் அடுத்த நாளே அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, 'என்னம்மா, உடம்பு சரியில்லையா?' என்று விசாரிக்கலாம். பருவ இறுதியில் தெரியவேண்டியது பத்து நாளில் தெரிவதுதான் இந்தக் கருவிகள் தரும் நன்மை.

கருவியை நம்புவதிலும் கவனம் வேண்டும். ஒரு மாணவி மூன்று தேர்வுகளில் 80, 84, 76 வாங்கியிருக்கிறாள். நான்காவது தேர்வன்று காய்ச்சல், வரவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் சராசரி 80. பூஜ்யம் போட்டால் 60. பிள்ளை அதே பிள்ளைதான், அவளுடைய அறிவும் அதேதான். வராததற்கும் தெரியாததற்கும் உள்ள வேறுபாடு ஆசிரியருக்குத் தெரியும், மென்பொருளுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். புதிய கருவி எதுவாக இருந்தாலும், வராத தேர்வை அது எப்படிக் கணக்கிடுகிறது என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

நடத்தைக்குப் புள்ளி போடும் செயலிகளும் உண்டு. 2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிளாஸ்டோஜோ அவற்றில் பெயர் பெற்றது. நல்லது செய்த பிள்ளைக்குப் புள்ளி கொடுத்து ஊக்குவிப்பது சரி. ஆனால், பின்தங்கிய பிள்ளையின் பெயரை எல்லோரும் பார்க்கத் திரையில் காட்டக் கூடாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மொத்தப் பட்டியலையும் போடாதீர்கள். அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே செல்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருக்கலாம், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அங்கே நேரில் பேசுவதுதான் வழி.

பாதுகாப்பும் முக்கியம். உலகம் முழுவதும் ஆசிரியர்கள் பயன்படுத்திய எட்மோடோ என்ற தளம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் அடுத்த ஆண்டு அதன்மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டிலும் 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அது குழந்தைகளாகவே கருதுகிறது. ஆகவே மாதம் ஒருமுறை மதிப்பெண்களை எக்செல் கோப்பாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒரு விவரமும் ஏற்றாதீர்கள்.

நிறைவாக, கல்வி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேற்றும் வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் செயலி சுற்றிக்கொண்டே இருந்தால், வகுப்பு காத்திருக்கிறது. நோட்டிலும் எழுது, செயலியிலும் ஏற்று என்றால் சுமை இரட்டிப்பாகிறது. ஒரு தகவலை ஒருமுறை மட்டும் கேளுங்கள். இணைப்பு இல்லாதபோதும் பதிவு செய்யவும், இணைப்பு வந்ததும் அதுவே ஏறவும் வழி செய்யுங்கள். மேலே போகும் ஒவ்வொரு எண்ணும் அந்த ஆசிரியருக்கே பயன்படும் குறிப்பாகத் திரும்பி வர வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, இந்த வாரம் உங்கள் பதிவேட்டைத் திறந்து, சரிந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். மதிப்பெண் பதிவேடு இருப்பது அதற்காகத்தான்.